மேல் ஸாவுக்கு இரண்டு வழி

1991-இல் வந்த ‘டென்’ ஆல்பத்தில் ‘ஜெரமி’ என்று ஒரு பாட்டு. பேர்ல் ஜாம் என்ற அமெரிக்க ராக் குழுவினுடையது. பாட்டு தொடங்கும்போது, வெண்கல மணிகளை வரிசையாகத் தொங்கவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டுவதுபோல ஒரு ஒலி வரும். முதல்முறை கேட்பவர்கள் கிட்டார் என்றே நினைப்பார்கள். அது பேஸ் கிட்டார். ஜெஃப் அமென்ட் கையில் இருந்தது பன்னிரண்டு கம்பி பூட்டிய பேஸ்.

2003-இல் வந்த ‘செவன் நேஷன் ஆர்மி’ இதற்கு நேர் எதிர். கால்பந்து மைதானங்களில் கூட்டம் சொல்லே இல்லாமல் முழங்கும் அந்த ஏழு சுரங்களைக் கேட்டால் பேஸ் என்று அடித்துச் சொல்லத் தோன்றும். ஆனால் அதை வாசித்த ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவில் பேஸ் வாசிக்க ஆளே இருந்ததில்லை. மொத்தமே இரண்டு பேர். ஒருவர் கிட்டார், ஒருவர் டிரம்ஸ். ஜாக் ஒயிட் தன் கிட்டாரை ‘வாமி’ என்ற பெடல் வழியாக அனுப்பி ஒரு ஸ்தாயி கீழே இறக்கியிருந்தார்.

ஒன்று கிட்டார்போல் ஒலித்த பேஸ். மற்றொன்று பேஸ்போல் ஒலித்த கிட்டார். இரண்டிலும் நடந்தது ஒரே காரியம்தான்: ஒரு சுரத்தோடு அதன் மேல் ஸ்தாயியையோ கீழ் ஸ்தாயியையோ உறவாக்கியது. முதலாவதில் அதைச் செய்தது கம்பி, இரண்டாவதில் மின்சுற்று. வாசிப்பவர்களிடையே இதில் நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. காலால் ஒரு பெடலை அழுத்தினால் கிடைக்கும் ஸ்தாயிக்காக எட்டுக் கம்பியையும் பன்னிரண்டு கம்பியையும் தோளில் சுமப்பானேன் என்று ஒரு கட்சி. இரண்டும் ஒன்றே அல்ல என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ருசிக்காக மட்டும் அல்ல. காரணம் இயற்பியலில் இருக்கிறது.

ஒரு ஸ்தாயி மேலே போவது என்றால் அதிர்வெண் இரண்டு மடங்காவது. வழக்கமான நான்கு கம்பி பேஸில் மிகத் தடித்த கம்பியான இ, விநாடிக்கு 41.2 முறை அதிர்கிறது. அடுத்து ஏ 55, டி 73.4, ஜி 98. எட்டுக் கம்பி பேஸில் இவை ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு மெல்லிய கம்பி இருக்கும், அவை 82.4, 110, 146.8, 196 ஹெர்ட்ஸில் அதிரும். ஒரே விரல் இரண்டு கம்பியையும் சேர்த்து அழுத்தும். ஒரே வீச்சில் இரண்டும் மீட்டப்படும். பன்னிரண்டு கம்பி என்றால் ஒவ்வொரு தடித்த கம்பிக்கும் இரண்டு மெல்லிய துணைகள்.

இங்கே ஒரு புதிர். எந்தக் கம்பியும் ஒரே ஒரு அதிர்வெண்ணில் மட்டும் ஒலிப்பதில்லை. 41.2 ஹெர்ட்ஸ் கம்பியை மீட்டினால் அதோடு 82.4, 123.6, 164.8, 206 என்று மேற்சுரங்களும் எழுகின்றன; 41.2 என்ற அடிச்சுரத்தை முதலாவதாக வைத்து, 82.4-ஐ இரண்டாவதாக எண்ணுவோம். அதன் மேல் ஸ்தாயிக் கம்பி தருவது 82.4, 164.8, 247.2 என்ற வரிசை. ஒப்பிட்டுப் பாருங்கள்: இரண்டாவது வரிசையில் உள்ள எல்லாமே முதல் வரிசையில் ஏற்கெனவே இருக்கின்றன. தம்புராவை மீட்டுகிறவர்களுக்கு இது காதால் தெரிந்த செய்தி. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்ற நான்கில் மந்தரத்தைத் தொட்டவுடன் சாரணியின் ஸாவும் அதற்குள்ளிருந்தே எழுவதைக் கேட்கலாம். உலகெங்கும் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும்போது ஒரு ஸ்தாயி இடைவெளியில் பாடிவிட்டு ‘ஒரே சுரம் பாடினோம்’ என்று சொல்வதற்கும் இதுவே அடிப்படை.

அப்படியானால் மேல் ஸ்தாயிக் கம்பி புதிதாக எதைக் கொண்டுவருகிறது?

ஒரு பகுதி விடை நம் காதில் இருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் அருகே மனிதக் காது மந்தம். 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் பெல் ஆய்வகத்திலிருந்து வெளியிட்ட ஒலியளவு வளைகோடுகள் இதைத் தெளிவாகக் காட்டின: தாழ்ந்த சுரம் ஒன்று நடுத்தரச் சுரம் ஒன்றுக்குச் சமமாகக் கேட்க வேண்டுமானால் அதற்குப் பன்மடங்கு கூடுதல் ஆற்றல் வேண்டும். கைபேசியின் ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் அதில் பேஸ் கேட்கிறதே? மேற்சுரங்களின் இடைவெளியை வைத்து மூளை அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. மேல் ஸ்தாயிக் கம்பி அந்த மேற்சுரங்களில் இரட்டைப்படை எண் கொண்டவற்றுக்கு வலுவூட்டுகிறது. மங்கலான எழுத்தின்மேல் மை ஓட்டுவது போன்ற வேலை.

பெடலும் இந்த வேலையைச் செய்யும். மை ஓட்டுவதோடு முடிந்திருந்தால் வழக்கே இல்லை. மீதி விடைக்காகக் கம்பிக்குள் இறங்க வேண்டும்.

பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென் 1636-இல் எழுதிவைத்த விதிதான் இன்றும் கம்பி செய்பவர்களின் வாய்ப்பாடு. நீளமும் இழுவிசையும் மாறாமல் அதிர்வெண் இரண்டு மடங்காக வேண்டுமானால், ஒரு மீட்டர் கம்பியின் நிறை நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். நிறை நான்கில் ஒன்று என்றால் விட்டம் பாதி. கடையில் வாங்கும் ஜி கம்பி பொதுவாக அங்குலத்தில் ஆயிரத்தில் 45 பங்கு. அதன் மேல் ஸ்தாயித் துணை 20 பங்கு. தடித்த இ கம்பி 105, துணை 50. கம்பி செய்பவர்களின் அனுபவம் மெர்செனின் கணக்கை ஒட்டியே நடந்திருக்கிறது.

இழுவிசை குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். மெல்லிய கம்பிதானே என்று நினைத்தால் தவறு. ஆயிரத்தில் 20 பங்கு எஃகுக் கம்பியை 34 அங்குல நீளத்தில் 196 ஹெர்ட்ஸுக்குச் சுருதி கூட்டினால், கணக்குப்படி அது ஏறத்தாழ 18 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமாக இழுக்கும். கம்பிக்கு 18 கிலோ என்றே வைத்துக்கொண்டால் நான்கு கம்பிக்கு 72 கிலோ. பன்னிரண்டு கம்பிக்கு 216 கிலோ. எட்டு 25 கிலோ அரிசி மூட்டைகளைவிட அதிகமான பாரம், ஒரு மனிதனின் மணிக்கட்டு அளவுக்குக்கூடத் தடிமன் இல்லாத மரக் கழுத்தை இரவும் பகலும் வளைக்கப் பார்க்கிறது. அதற்குள் புதைத்திருக்கும் டிரஸ் ராட் என்ற எஃகுத் தண்டுதான் கழுத்தைக் காப்பாற்றுகிறது.

இந்தப் பயம் கற்பனை அல்ல. 1970களின் பிற்பகுதியில் சீப் ட்ரிக் குழுவின் டாம் பீட்டர்சன், இல்லினாய்ஸில் இருந்த ஹேமர் நிறுவனத்திடம் பன்னிரண்டு கம்பி பேஸ் கேட்டார். அவர்களுக்குத் தயக்கம். முதலில் பத்துக் கம்பி வைத்து ஒன்று செய்து பார்த்தார்கள். கழுத்து நின்றது. பிறகுதான் பன்னிரண்டு. மேடையில் ஒரே ஒரு கிட்டார்க்காரர் உள்ள குழுவுக்கு நிறைவான ஒலி வேண்டும் என்பது பீட்டர்சனின் தேவை.

எட்டுக் கம்பி பேஸ் இதற்குப் பத்தாண்டு மூத்தது. 1967-இல் சுவீடனின் ஹாக்ஸ்ட்ரோம் நிறுவனம் எச்8 என்ற பெயரில் அதைத் தொழிற்சாலைப் பொருளாகவே விற்கத் தொடங்கியது. ஹாக்ஸ்ட்ரோமின் பழைய தொழில் அக்கார்டியன். இந்தச் செய்தியை நான் ரசித்துக் குறித்துவைத்திருக்கிறேன், ஏனென்றால் ஸ்தாயி சேர்க்கும் கலை கம்பி வாத்தியங்களைவிட ரீடு வாத்தியங்களில்தான் நன்கு ஊறியது. அக்கார்டியனில் ஒரே கட்டைக்கு நடு ஸ்தாயி, கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி ரீடுகளை மாற்றி மாற்றிச் சேர்க்கும் விசைகள் உண்டு. நம் ஊர் ஆர்மோனியத்தில் ‘கப்ளர்’ வைத்த பெட்டியைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு கட்டையை அழுத்தினால் இன்னொரு ஸ்தாயியின் கட்டையும் யாரும் தொடாமலே உள்ளே இறங்கும். எட்டுக் கம்பி பேஸ் என்பது, ஒரு விதத்தில், கிட்டாருக்கு வந்த கப்ளர்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மேல் ஸ்தாயிக் கம்பி மிகச் சரியாக இரண்டு மடங்கில் நிற்பதே இல்லை.

அதற்குக் காரணங்கள் பல. எஃகு விறைப்பானது, அதனால் தடித்த கம்பியின் இரண்டாம் மேற்சுரம் துல்லியமான இரண்டு மடங்கைவிட ஒரு நூல் கூடுதலாகவே இருக்கும். விரலால் ஃப்ரெட்டின் மேல் அழுத்தும்போது தடித்த கம்பியும் மெல்லிய கம்பியும் ஒரே அளவு நீள்வதில்லை. இரண்டு கம்பிக்கும் சேர்த்து ஒரே சேடில் வைத்த பிரிட்ஜில், ஒன்றுக்குச் சரியான இடம் மற்றதற்குச் சரியாக இராது. அறையின் வெப்பம் மாறினால் இரண்டும் ஒரே அளவில் இளகாது. எவ்வளவு பொறுமையாகச் சுருதி சேர்த்தாலும், ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பங்கிட்டால் அதில் ஐந்து பங்காவது எங்காவது விலகல் மிஞ்சும்.

ஐந்து பங்கு விலகல் என்றால் என்ன ஆகும்? 82.4 ஹெர்ட்ஸில் அது சுமார் கால் ஹெர்ட்ஸ். தடித்த கம்பியின் இரண்டாம் மேற்சுரமும் மெல்லிய கம்பியின் அடிச்சுரமும் ஒன்றையொன்று நான்கு விநாடிக்கு ஒருமுறை வலுப்படுத்தி, ஒருமுறை அமுக்கும். பள்ளிப் பாடத்தில் ‘விம்மல்’ என்று படித்தது இதைத்தான். ஆனால் விஷயம் அதோடு நிற்பதில்லை. மெல்லிய கம்பியின் இரண்டாம் மேற்சுரம் தடித்த கம்பியின் நான்காவதோடு மோதுகிறது. அங்கே விலகல் அரை ஹெர்ட்ஸ், விம்மல் இரண்டு விநாடிக்கு ஒருமுறை. மெல்லியதன் நான்காவதும் தடித்ததன் எட்டாவதும் மோதும் இடத்தில் விநாடிக்கு ஒருமுறை. இப்படி ஒரே சுரத்துக்குள் அடுக்கடுக்காக, வெவ்வேறு வேகத்தில் பல விம்மல்கள். குளத்தில் காற்று வீசும்போது பெரிய அலை மெதுவாக வர, அதன் முதுகில் சிற்றலைகள் வேகமாக ஓடுமே, அதுபோல. ‘ஜெரமி’யின் தொடக்கத்தில் நாம் கேட்கும் அந்த மினுமினுப்பில் பெரும்பங்கு இதுவே என்பது என் எண்ணம். பன்னிரண்டு கம்பியில் ஒவ்வொரு தடித்த கம்பிக்கும் துணை இரண்டு என்பதால், அந்த இரண்டுக்குள்ளேயும் ஒரு விலகல். விம்மல்கள் இன்னும் அடர்கின்றன.

விலகல் சுருதியில் மட்டும் அல்ல, காலத்திலும் இருக்கிறது. பிக் ஒரு கம்பியைத் தாண்டித்தான் அடுத்த கம்பியைத் தொடும். பெரும்பாலான பன்னிரண்டு கம்பி கிட்டார்களில் ஸ்தாயிக் கம்பி மேற்புறம் இருக்கும்; கீழ்நோக்கி அடிக்கும்போது மெல்லியது முதலில் பேசும், தடித்தது பின்னால் வரும். ரிக்கன்பேக்கர் நிறுவனம் தன் பன்னிரண்டு கம்பி கிட்டார்களில் வரிசையைத் திருப்பி வைத்தது. அங்கே தடித்தது முதலில். இடைவெளி சில மில்லி விநாடிகள்தான், ஆனால் காது அதைத் தவறவிடுவதில்லை. ஒன்றாகத் தொடங்கி, ஒன்றாக அடங்கி, ஒரே விகிதத்தில் நிற்கும் அதிர்வெண்களை மூளை ஒரே பொருளின் குரல் என்று கட்டிவிடும். தொடக்கத்திலோ அடங்குவதிலோ சிறு வேறுபாடு தெரிந்தால் இரண்டு பொருள் என்று பிரிக்கும். ஆல்பர்ட் பிரெக்மன் 1990-இல் எழுதிய ஒலிக்காட்சிப் பகுப்பாய்வு பற்றிய பெரிய நூல் முழுக்க இந்தக் கட்டுதலும் பிரித்தலும்தான். ஸ்தாயிக் கம்பி இந்த எல்லைக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று என்று முடிவு செய்யப் போகும்போது இரண்டாகிறது. இரண்டு என்று நினைக்கும்போது ஒன்றாகிறது. வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகரின் அடியைப் பின்பாட்டுக்காரர் ஏந்திக்கொள்ளும்போது வரும் சுகத்துக்கு இது பக்கத்து உறவு.

இரண்டு கம்பியும் பிரிட்ஜ் வழியாகப் பேசிக்கொள்வதும் உண்டு. தடித்த கம்பியை மட்டும் மீட்டி, உடனே அதை மட்டும் விரல்நுனியால் அடக்கிப் பாருங்கள். தொடாத மெல்லிய கம்பி மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கும். ஒத்ததிர்வு. பியானோவில் ஒரே சுரத்துக்கு உள்ள இரண்டு மூன்று கம்பிகள் பாலத்தின் வழியே ஆற்றலைப் பரிமாறிக்கொள்வதை கேப்ரியல் வைன்ரைக் 1977-இல் விளக்கினார். சுரம் முதலில் வேகமாகவும் பிறகு நிதானமாகவும் அடங்குவதன் ரகசியம் அதில் இருந்தது. ஸ்தாயி ஜோடிக்கும் அதே பாலம், அதே பரிமாற்றம்.

இப்போது பெடலுக்கு வருவோம். மின்சுற்று எப்படி ஸ்தாயி செய்கிறது?

மேலே போவதற்கு மிகப் பழைய தந்திரம் மடிப்பது. மின் அலை பூச்சியத்துக்கு மேலும் கீழும் மாறி மாறிப் போகிறது. கீழே போகும் ஒவ்வொரு பாதியையும் தூக்கி மேலே மடித்துவிட்டால், ஒரு மேடு, ஒரு பள்ளம் இருந்த இடத்தில் இரண்டு மேடுகள். அதாவது இரண்டு மடங்கு அதிர்வெண். கைபேசி சார்ஜருக்குள் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் முழு அலை திருத்தி செய்வதும் இதையேதான். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஒலி, அதிர்வு ஆய்வில் வேலை பார்த்த ரோஜர் மேயர் இந்த மடிப்பை ‘ஆக்டேவியா’ என்ற கருவியாக்கினார். 1967 பிப்ரவரியில் ‘பர்ப்பிள் ஹேஸ்’ பதிவானபோது ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதன் வழியே தன் தனிவாசிப்பை அனுப்பினார். எச்8 பிறந்த அதே ஆண்டு என்பதைக் கவனிக்கலாம். ஒரே ஆசைக்கு இரண்டு வழிகளும் ஒரே காலத்தில் திறந்திருக்கின்றன.

மடிப்பின் கணிதம் அழகானது. தூய சைன் அலை ஒன்றை மடித்தால் பழைய அடிச்சுரம் சுத்தமாக மறைந்துவிடும். இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, ஆறு மடங்கு மட்டும் மிஞ்சும். நான்கு மடங்கின் அளவு இரண்டு மடங்கில் ஐந்தில் ஒன்று. ஆனால் கம்பி தூய சைன் அலை தருவதில்லை. மேற்சுரங்கள் சேர்ந்து மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் வேறு வேறு வடிவம் கொடுத்துவிடுகின்றன. மடித்த பிறகும் அடுத்தடுத்த மேடுகள் ஒன்றுபோல இரா. பழைய அடிச்சுரம் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். அதனால்தான் இந்த வகைப் பெடல் வைத்திருப்பவர்கள் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே போய், கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில், டோன் குமிழைக் குறைத்து வாசிக்கிறார்கள். அங்கே மேற்சுரங்கள் குறைவு.

மடிப்புக்கு இன்னொரு பலவீனம், ஒரே நேரத்தில் இரண்டு சுரம் கொடுத்தால் தெரியும். ஸாவையும் அந்தர காந்தாரத்தையும் சேர்த்து மீட்டுங்கள். உதாரணமாக 110, 138.6 ஹெர்ட்ஸ். நமக்கு வேண்டியது 220, 277.2. சுற்று அவற்றைத் தரும். கூடவே இரண்டின் கூட்டுத்தொகையான 248.6-ஐயும் வேறுபாடான 28.6-ஐயும் யாரும் கேட்காமலே சேர்த்துத் தரும். 248.6 என்பது மேல் ஸாவுக்கு அடுத்த சதுஸ்ருதி ரிஷபத்துக்கு மிக அருகே. ஸாவும் காவும் வாசித்தவன் காதில் அழையாத ரிஷபமும் அடியில் ஓர் உறுமலும். கம்பியில் இந்தச் சிக்கலே கிடையாது. எத்தனை கம்பியைச் சேர்த்து அடித்தாலும் ஒவ்வொன்றும் தன் சுரத்தையே சொல்லும்.

கீழே போவதற்கு மடிப்பு உதவாது, எண்ண வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிலை மாறி மீளும் ஒரு விசை இருந்தால் போதும், அதிர்வெண் பாதியாகிவிடும். அந்த விசையின் பெயர் ஃப்ளிப் ஃப்ளாப். எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1918-இல் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அதற்குக் காப்புரிமை கேட்டார்கள். உங்கள் மணிக்கட்டில் குவார்ட்ஸ் கடிகாரம் இருந்தால் அதற்குள்ளும் இதே வேலைதான்: படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது, பதினைந்து முறை அடுத்தடுத்துப் பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு. இசைமொழியில் சொன்னால், கடிகாரம் ஒவ்வொரு விநாடியும் பதினைந்து ஸ்தாயி இறங்குகிறது. 1939-இல் வந்த ஹேமண்ட் நோவாகார்ட் வாத்தியம் மேல் ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களை மட்டும் உண்டாக்கி, கீழே உள்ள அனைத்தையும் இப்படிப் பாதியாக்கியே பெற்றது. 1982-இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் வெளியிட்ட ஓசி-2, பேஸ் வாசிப்பவர்களிடம் இந்த உத்தியைக் கொண்டுசேர்த்த பெடல். ஃப்ரெட் இல்லாத பேஸோடு ஸ்தாயிப் பெடலைச் சேர்த்துப் பினோ பல்லடீனோ வாசித்தது 80களின் பாப் இசையில் தனி அடையாளமாக நிலைத்தது.

எண்ணுகிற இயந்திரத்துக்கு ஒரு நிபந்தனை: அலை பூச்சியத்தைக் கடக்கும் இடங்கள் தெளிவாக இருக்க வேண்டும். பேஸின் தடித்த கம்பியில் இரண்டாம் மேற்சுரம் சில நேரம் அடிச்சுரத்தைவிட ஓங்கி நிற்கும். அப்போது ஒரு சுற்றுக்குள்ளேயே கூடுதலாக ஒருமுறை பூச்சியம் கடக்கப்பட்டு, எண்ணிக்கை பிசகி, சுரம் திடீரென்று ஒரு ஸ்தாயி தாவும். முன்னால் ஒரு வடிகட்டி வைத்து மேற்சுரங்களை வெட்டுவது இதற்குத்தான். சுரம் அடங்கும் கடைசி நேரத்தில் பெடல் விக்குவதையும் பார்க்கலாம். அந்த விக்கலை விரும்பி வாசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது வழி கணினி வழி. 1975-இல் ஈவன்டைட் நிறுவனத்தின் எச்910 ஒலியைச் சிறிது நேரம் நினைவகத்தில் வாங்கி, வேறு வேகத்தில் வாசித்தது. பழைய டேப்பை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் குரல் ஒரு ஸ்தாயி ஏறும், ஆனால் பாட்டு பாதி நேரத்தில் முடிந்துவிடும். நேரம் குறையாமல் இருக்க ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை வாசித்து ஒட்ட வேண்டும். துண்டு எவ்வளவு சிறியதாக இருக்கலாம்? குறைந்தது ஒரு முழு அலையாவது அதற்குள் அடங்க வேண்டும். 41.2 ஹெர்ட்ஸில் ஒரு அலைக்கு 24 மில்லி விநாடி. ஒலி அந்த நேரத்தில் காற்றில் 8 மீட்டர் போய்விடும். அதாவது ஆம்ப்பை எட்டு மீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு வாசிப்பதற்குச் சமமான தாமதம். டிரம்ஸோடு ஒட்டிப் போக வேண்டிய கைக்கு அது உறுத்தும்.

2005-இல் எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் பாக் என்ற பெடல் வந்தபோது, பல சுரங்களை ஒரே நேரத்தில் அடித்தாலும் ஸ்தாயி குழம்பவில்லை. ஒலியை நெருக்கமான பல அலைவரிசைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே இரட்டிப்பது இதற்கு ஒரு வழி. அதற்கும் இயற்கை ஒரு விலை வைத்திருக்கிறது. டென்னிஸ் காபோர் 1946-இல் காட்டியதுபோல, அதிர்வெண்ணை நுட்பமாக அறிய வேண்டுமானால் நேரத்தைத் தியாகம் செய்ய வேண்டும். பேஸின் மிகத் தாழ்ந்த இ-க்கும் அடுத்த சுரம் எஃப்-க்கும் இடைவெளி 2.45 ஹெர்ட்ஸ். அடிச்சுரத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய ஏறத்தாழ 0.4 விநாடி கேட்க வேண்டும். நடுத்தர வேகப் பாட்டில் அதற்குள் மூன்று சுரம் ஓடிவிடும். மேற்சுரங்களின் துணையால் இதைக் குறைக்கலாம், முழுதும் ஒழிக்க முடியாது. இந்த வகைப் பெடல்களின் ஒலி, கம்பியின் ‘டக்’ என்ற தொடக்கம் மழுங்கி, ஆர்கன்போல வழுவழுப்பாக எழுவது ஏன் என்று இப்போது புரியும். குறுகிய வடிகட்டிக்கு விழித்தெழ நேரம் வேண்டும்.

ஆக, பெடல் தரும் ஸ்தாயி எந்த வகையானாலும் ஒரு பண்பு பொது: அது முதல் ஒலியிலிருந்து பிறந்தது. மடித்தாலும் எண்ணினாலும், மூலச்சுரம் இம்மி விலகினால் அதுவும் அதே இம்மி விலகும். விகிதம் எப்போதும் துல்லியமாக இரண்டு. விம்மல் கிடையாது. கம்பியை இழுத்து வளைத்தால் கூடவே வளையும், அடக்கினால் கூடவே அடங்கும். மூளை இதை இரண்டாவது ஆளாகக் கணக்கிடுவதில்லை. முதல் ஆளின் குரல் மாறியதாகவே எடுத்துக்கொள்கிறது. நிழல் ஒருபோதும் ஆளைவிட்டு விலகாது. ஸ்தாயிக் கம்பியோ கூடவே நடக்கும் இன்னொரு ஆள். ஒரே விரல் அழுத்தினாலும் அதற்குத் தனி நிறை, தனி விறைப்பு, தனி ஆயுள்.

இதனால் நிழலை நான் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். வேகமான ஒற்றைச் சுர ஓட்டங்களுக்கு அந்தத் துல்லியம்தான் வேண்டும். எட்டுக் கம்பியில் அதே ஓட்டத்தை விரலால் வாசித்தால் மெல்லிய கம்பிகள் சலசலக்கும். கீழ் ஸ்தாயிக்குப் பெடலை விட்டால் நடைமுறையில் வழியே இல்லை: 41.2-இன் பாதி 20.6 ஹெர்ட்ஸ், அதற்கான கம்பிக்கு நான்கு மடங்கு நிறை வேண்டும், கேட்பதற்குக் காதின் எல்லையே அங்கேதான் இருக்கிறது. அதனால் வாசிப்பவர்கள் மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போய், 110 ஹெர்ட்ஸ் சுரத்தை 55-க்கு இறக்குகிறார்கள். 2014-இல் முதல் ஆல்பம் வெளியிட்ட ராயல் பிளட் என்ற ஆங்கிலக் குழுவில் இரண்டே பேர், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். மைக் கெர் தன் பேஸின் ஒலியைப் பிரித்து, ஒரு கிளையை ஸ்தாயி ஏற்றிக் கிட்டார் ஆம்ப்புக்கும், மற்றதை அப்படியே பேஸ் ஆம்ப்புக்கும் அனுப்புகிறார். அரங்கில் கேட்பவனுக்கு மூன்று பேர் வாசிப்பதுபோல இருக்கும். அந்த இசைக்குப் பன்னிரண்டு கம்பியின் மினுமினுப்பு பொருந்தாது. அதற்கு வேண்டியது கத்திமுனை.

மெதுவான பாட்டில், நீண்டு ஒலிக்கும் சுரங்களில், இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து அடிக்கும் இடங்களில் கம்பிக்கு ஈடு இல்லை என்பது என் தீர்ப்பு. எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கச்சேரி மேடையில் தம்புரா வைத்துக்கொள்ள ஆசைப்படும் பாடகர்களிடம் கேட்டால் எனக்குச் சாட்சி சொல்வார்கள்.

இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால்? எட்டுக் கம்பி பேஸை, எண்ணுகிற வகைக் கீழ் ஸ்தாயிப் பெடலுக்குள் அனுப்பினால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெடலுக்கு இப்போது இரண்டு அலைகள் கலந்து வருகின்றன: ஒன்று 41.2, மற்றொன்று ஏறத்தாழ அதன் இரண்டு மடங்கு. மெல்லிய கம்பியின் அளவு தடித்ததில் பாதிக்கும் கீழே இருந்தால் பூச்சியக் கடப்புகள் மாறாது, எண்ணிக்கை சரியாக வரும். தடித்ததையே மிஞ்சினால் கடப்புகள் இரட்டிக்கும், சுரம் ஒரு ஸ்தாயி தாவி நிற்கும். பாதிக்கும் முழுமைக்கும் இடைப்பட்ட அளவில் இருந்தால் விடை இரண்டு அலைகளும் எந்தக் கட்டத்தில் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்தது. அந்தச் சந்திப்போ, ஐந்து பங்கு விலகலால், மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. பெடல் சிறிது நேரம் சரியான சுரத்தைச் சொல்லும், சிறிது நேரம் ஒரு ஸ்தாயி மேலே தாவும், மறுபடி இறங்கும். இப்படி ஒருமுறை தாவி இறங்க ஆகும் நேரம், விம்மலுக்கு ஆகும் நான்கு விநாடியில் பாதி.